அலுவலக ஆவணங்களை அடுக்கவும் எடுக்கவும் கற்றுக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கும் நிர்வாக வேலையும் பார்த்து வருகிறேன். தேக்கா பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர்கள், ஒன்றிரண்டு லாரி வைத்துத் தொழில் செய்பவர்கள், பிள்ளைகள் வளர்ந்தபின் மறுபடி அலுவலக வேலைக்குப் போக நினைக்கும் பெண்கள் என்று பலர் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இவை. பெரிய நிறுவனங்களுக்கு இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும். இங்கே எழுதியிருப்பது ஒரே ஆள் ஃபோனும் எடுத்து, சம்பளமும் போட்டு, ஃபைலும் அடுக்குகிற இடங்களுக்கு.

ஃபைல் அடுக்குவதைப் போய்ப் படிக்க வேண்டுமா?

அடுக்குவதற்குப் படிப்பு வேண்டாம், எடுப்பதற்குத்தான் வேண்டும். வருவாய் ஆணையத்திலிருந்து கடிதம் வருகிறது, "இந்தக் காலாண்டின் கொள்முதல் இன்வாய்ஸ்களை அனுப்புங்கள்" என்று. அன்றைக்குப் பார்த்து அதை அடுக்கிய பெண் விடுப்பில் இருக்கிறார். வேறொருவர் அலமாரியைத் திறந்து, யாருக்கும் ஃபோன் போடாமல் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டால் உங்கள் முறை சரியான முறை. அலமாரி எவ்வளவு அழகாக இருந்தாலும், அடுக்கியவருக்கு மட்டும் புரிந்தால் அது முறையே இல்லை.

ஒரு காகிதம் கைக்கு வந்ததும் மூன்று விஷயங்களை முடிவு செய்ய வேண்டும். இது என்ன, எங்கே இருக்க வேண்டும், எப்போது போக வேண்டும். முதல் இரண்டையும் எல்லாரும் யோசிக்கிறார்கள். மூன்றாவதை யோசிக்காததால்தான் ஸ்டோர் ரூமில் 2009ஆம் ஆண்டு டெலிவரி ஆர்டர்கள் இன்னும் கிடக்கின்றன.

பெட்டி பெட்டியாகக் குவிந்து கிடக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பழைய குவியலைத் தொடாதீர்கள். இன்றைக்கு வந்த காகிதத்திலிருந்து தொடங்குங்கள். பழையதை முடித்துவிட்டுப் புதியதைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தவர்கள், பழையதை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே புதிய குவியல் ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள்.

முதலில் ஒரு தாளில் பிரிவுகளை எழுதுங்கள். ஒரு சிறு கடைக்கு இவை போதும்: நிறுவனப் பதிவு சம்பந்தப்பட்டவை, வங்கி, விற்பனை, கொள்முதல், ஊழியர்கள், வரி, வாடகையும் உரிமங்களும், காப்புறுதி. எட்டு. இருபது பிரிவு வைத்தால் எந்தக் காகிதம் எதில் போகும் என்று தினமும் யோசிக்க வேண்டியிருக்கும். "இதர" என்று ஒரு ஃபைல் வைக்க எல்லாருக்கும் ஆசை வரும், வைக்காதீர்கள். மூன்று மாதத்தில் அதுதான் அலுவலகத்திலேயே பருமனான ஃபைலாக இருக்கும், அதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. வகை தெரியாத காகிதம் வந்தால் தட்டில் போட்டு வையுங்கள், வெள்ளிக்கிழமை மாலை முதலாளியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அதே எட்டுப் பெயர்களைக் கம்ப்யூட்டர் ஃபோல்டர்களுக்கும் வையுங்கள், எழுத்துக்கூட மாறாமல். அலமாரியில் "கொள்முதல்", கணினியில் "சப்ளையர்ஸ்", மின்னஞ்சலில் "பில்ஸ்" என்று இருக்கும் அலுவலகங்கள் நிறைய. மூன்று இடத்திலும் தேடிவிட்டு, கடைசியில் சப்ளையரையே கூப்பிட்டு இன்வாய்ஸை மறுபடி அனுப்பச் சொல்கிறார்கள்.

இது நடக்கத் தொடங்கிய பிறகு பழைய பெட்டிகளுக்குப் போகலாம். வகைவாரியாகப் பிரிக்காமல் முதலில் நிதியாண்டு வாரியாகப் பிரியுங்கள். அப்படிச் செய்தால் வைத்திருக்க வேண்டிய காலம் தாண்டிய ஆண்டுகள் தனியே வந்துவிடும். அவற்றில் சொத்துப் பத்திரம், நடப்பில் உள்ள ஒப்பந்தம், நிறுவனத்தின் கூட்டக் குறிப்பு போன்றவை மாட்டியிருக்கின்றனவா என்று மட்டும் புரட்டிப் பார்த்தால் போதும். ஒவ்வொரு ரசீதையும் அடுக்கி அழகு பார்த்துவிட்டுக் கிழிப்பது வீண் வேலை.

அகரவரிசையா, எண் வரிசையா, தேதி வரிசையா?

மூன்றுமே வேண்டும், இடத்துக்கு ஏற்றபடி. வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு, பொருள் சேவை வரிக் கணக்கு எல்லாம் தேதி வரிசை. நீங்கள் கொடுக்கும் இன்வாய்ஸ், பேமெண்ட் வவுச்சர் போன்றவற்றுக்கு எண் வரிசை, ஏனென்றால் நடுவில் ஒரு எண் விட்டுப்போனால் உடனே தெரியும். கணக்காய்வாளர் முதலில் தேடுவதே அந்த இடைவெளியைத்தான். சப்ளையர்கள், வாடிக்கையாளர்கள், ஊழியர்கள் அகரவரிசை.

இந்த அகரவரிசையில்தான் சிங்கப்பூரில் தலைவலி. நம் ஆட்கள் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் "முருகன் த/பெ ராமசாமி" என்று இருக்கும். அவரே கையெழுத்தில் "ரா. முருகன்" என்று எழுதுவார். கல்லூரியில் "முருகன் ராமசாமி" என்று சான்றிதழ் கொடுத்திருப்பார்கள். ஆங்கிலப் பாடப்புத்தகம் "கடைசிப் பெயரை முன்னால் போடு" என்று சொல்வதை அப்படியே செய்தால் முருகனின் ஃபைல் அவர் அப்பா பெயரில் போய் உட்கார்ந்துவிடும். சீனர் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும், எனவே டான் மெய் லிங் என்பவர் டான் கீழ். ஆனால் டேவிட் லிம் என்றால் லிம் கீழ். மலாய்ப் பெயரில் "பின்", "பிந்தி" என்பதற்குப் பின்னால் வருவது அப்பா பெயர், எனவே முதல் பெயரில் வைக்க வேண்டும். அலுவலகத்தில் ஒரு பக்கத்துக்கு விதி எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்: தமிழ், மலாய்ப் பெயர்களுக்குச் சொந்தப் பெயர், சீனப் பெயர்களுக்குக் குடும்பப் பெயர், மற்றவர்களுக்குக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று இருப்பது.

இன்னும் நல்ல வழி, ஊழியர்களுக்கு நீங்களே ஒரு பணி எண் கொடுத்து அதன்படி அடுக்குவது. அடையாள அட்டை எண்ணை ஃபைலின் முதுகில் எழுதக் கூடாது, காரணம் கீழே வருகிறது.

நிறுவனங்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. 2009 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் பதிவான ஒவ்வொரு அமைப்புக்கும் யூஇஎன் என்ற ஒரே அடையாள எண் நடைமுறையில் இருக்கிறது. உள்ளூர் நிறுவனமாக இருந்தால் அந்த எண்ணின் முதல் நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. ஸ்ரீ முருகன் டிரேடிங், ஸ்ரீ முருகன் எண்டர்பிரைஸ் என்று இரண்டு சப்ளையர்கள் இருந்தால், பெயரை நம்பாமல் யூஇஎன்னைப் பார்த்துப் பிரியுங்கள்.

கம்ப்யூட்டர் ஃபைலுக்கு எப்படிப் பெயர் வைப்பது?

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முதலில் போடுங்கள்: 2025-03-14. கணினி எழுத்து வரிசைப்படி அடுக்கும்போது காலவரிசையும் தானாக வந்துவிடும். நாளை முதலில் போட்டால் எல்லா மாதத்து 1ஆம் தேதிகளும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கும். மாதத்துக்கு எப்போதும் இரண்டு இலக்கம், 3 என்று போடாமல் 03. அப்புறம் யாரிடமிருந்து, அப்புறம் என்ன ஆவணம், அப்புறம் அதன் எண். இவ்வளவுதான்.

தேதி என்றால் ஆவணத்தில் அச்சிட்டிருக்கும் தேதி. ஸ்கேன் செய்த நாள் இல்லை. இதை மட்டும் புது ஆட்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"கடைசி", "கடைசி-புதியது", "உண்மையான கடைசி" என்று பெயர் வைப்பதை விடுங்கள். வரைவு நிலையில் வ1, வ2 என்று எண் போடுங்கள். கையெழுத்தான பிறகு பிடிஎஃப் ஆக்கி, பெயரில் "கையெழுத்தானது" என்று சேர்த்து, வரைவுகளைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளுங்கள். பல ஆண்டு வைக்க வேண்டிய ஒப்பந்தங்களைப் பிடிஎஃப்/ஏ வடிவில் சேமிப்பது நல்லது. நீண்டகாலப் பாதுகாப்புக்காகவே 2005இல் ஐஎஸ்ஓ தரமாக வந்த வடிவம் அது. எழுத்துருக்கள் உள்ளேயே அடங்கியிருப்பதால் பத்து ஆண்டு கழித்துத் திறந்தாலும் எழுத்து மாறிப்போகாது.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் மூன்று அடுக்குக்கு மேல் போக வேண்டாம். பிரிவு, நிதியாண்டு, தேவைப்பட்டால் சப்ளையர்.

தமிழிலேயே பெயர் வைக்கலாமா? கணக்கையும் தமிழில் எழுதலாமா?

ஃபோல்டர் பெயர் தமிழில் இருந்தால் இன்றைய கணினிகளில் தொல்லை இல்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் கணக்காய்வாளருக்கும் நிறுவனச் செயலாளருக்கும் புரியாது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகம் வேறு விஷயம். நிறுவனச் சட்டப்படி கணக்கையும் கூட்டக் குறிப்பையும் ஆங்கிலம் அல்லாத மொழியில் வைத்தால், 7 நாளுக்கு மிகாத இடைவெளியில் ஆங்கில மொழிபெயர்ப்பையும் தயாரித்து மூலத்துடன் சேர்த்து வைக்க வேண்டும். ஒரு காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட்டில் வட்டித்தொழில் நடந்த கிட்டங்கிகளில் செட்டியார்கள் பேரேட்டைத் தமிழில்தான் எழுதினார்கள். இன்றைக்குப் பிரைவேட் லிமிடெட் நடத்துகிறவர் நேரடியாக ஆங்கிலத்தில் வைப்பதே மலிவு.

எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்? ஐந்து என்கிறார்கள், ஏழு என்கிறார்கள்.

இரண்டுமே சரி. ஐந்து சட்டம் சொல்வது. ஏழு, தவறாக எண்ணிவிடுவோமோ என்ற பயத்தில் வந்த வழக்கம். அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது.

நிறுவனச் சட்டப்படி, ஒரு பரிவர்த்தனை எந்த நிதியாண்டில் முடிந்ததோ அந்த ஆண்டின் முடிவிலிருந்து குறைந்தது 5 ஆண்டு கணக்கு ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். வருமான வரிக்கு 5 ஆண்டு என்பது வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதாவது நிதியாண்டு முடிந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து எண்ணப்படுவது. இந்த இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்க்கும். உங்கள் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 2023 ஏப்ரலில் வாங்கிய சரக்கின் இன்வாய்ஸ் 2024 மார்ச்சில் முடியும் நிதியாண்டைச் சேர்ந்தது. அதற்கான மதிப்பீட்டு ஆண்டு 2025. ஐந்து ஆண்டு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்வாய்ஸ் தேதியிலிருந்து எண்ணி 2028 ஏப்ரலில் கிழித்தால் தவறு. அதனால்தான் நான் எல்லாரிடமும் "நிதியாண்டு முடிவிலிருந்து ஏழு" என்று சொல்லிவிடுகிறேன். ஒரே எண், எண்ணுவதில் குழப்பம் இல்லை. அலமாரியில் கொஞ்சம் இடம் கூடுதலாகப் போகும், போகட்டும்.

ஊழியர் ஆவணங்களுக்கு வேலை நியமனச் சட்டம் குறைவாகவே கேட்கிறது. வேலையில் இருப்பவருக்குக் கடைசி 2 ஆண்டுப் பதிவுகள். வேலையை விட்டவருக்கு அதே கடைசி 2 ஆண்டுப் பதிவுகளை அவர் போன பிறகு 1 ஆண்டு வரை வைத்திருக்க வேண்டும். இதைப் படித்துவிட்டுச் சம்பளப் பதிவுகளைச் சீக்கிரம் எறிகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் உங்களுக்கு வணிகச் செலவு. செலவுக்கு ஆதாரம் என்ற முறையில் அது வரிச் சட்டத்தின் காலக்கெடுவுக்கு உட்பட்டது. எனவே சம்பளச் சீட்டும் மத்திய சேமநிதிக் கட்டண விவரமும் ஏழாண்டு ஃபைலில்தான்.

ஒப்பந்தங்களுக்குக் கணக்கு வேறு. ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட பொதுவாக 6 ஆண்டு அவகாசம் உண்டு. ஆகவே ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து ஏழு ஆண்டு, கையெழுத்தான நாளிலிருந்து இல்லை. இயந்திரம், வாகனம் போன்ற சொத்துகளின் கொள்முதல் ரசீதை, அந்தச் சொத்து உங்களிடம் இருக்கும்வரையிலும் விற்ற பிறகு மேற்படி காலம்வரையிலும். நிறுவனப் பதிவு ஆவணங்கள், பங்குப் பதிவேடு, கூட்டக் குறிப்புகள் நிறுவனம் இருக்கும்வரை. கூட்டக் குறிப்பைக் கூட்டம் நடந்த ஒரு மாதத்துக்குள் பதிய வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் ஆண்டு முடிவில் மொத்தமாக எழுதுகிறார்கள்.

ஒரு விதிவிலக்கு எல்லாவற்றுக்கும் மேல் நிற்கும். தகராறோ, விசாரணையோ, கணக்காய்வோ வரப்போகிறது என்று தெரிந்தால், காலம் முடிந்த காகிதமாக இருந்தாலும் கிழிப்பதை அப்படியே நிறுத்த வேண்டும். அந்த ஃபைலில் சிவப்பு லேபிள் ஒட்டுங்கள்.

ஸ்கேன் செய்துவிட்டால் காகிதத்தை எறியலாமா?

பெரும்பாலும் எறியலாம். வருவாய் ஆணையம் மின்னியல் பதிவை ஏற்கிறது, அதற்கு முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் படம் தெளிவாக, முழுமையாக, மாற்ற முடியாதபடி இருக்க வேண்டும், கேட்டால் எடுத்துக் கொடுக்கவும் வேண்டும். ஸ்கேனரின் தெளிவு அளவு 300 டிபிஐ, பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் சேர்த்து. ஸ்கேன் செய்த அன்றே எறியாதீர்கள். மாதத்துக்கு ஒரு பெட்டி என்று வைத்து, வேறொருவர் சில பக்கங்களைத் திறந்து சரிபார்த்த பிறகு எறியுங்கள். இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போயிருப்பது அப்போதுதான் தெரியும்.

மூலத்தையே வைத்திருக்க வேண்டியவை சில உண்டு. உயில், நிலம் அல்லது கட்டடம் வாங்கி விற்ற பத்திரங்கள், பங்குச் சான்றிதழ், வங்கிக்குக் கொடுத்த உத்தரவாதப் பத்திரம். மின்னியல் பரிவர்த்தனைச் சட்டமே உயிலைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. கடை வாடகை ஒப்பந்தத்தை அதன் முத்திரைத் தீர்வைச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். சிங்கப்பூரில் கையெழுத்தானால் 14 நாளுக்குள் தீர்வை கட்ட வேண்டும். சான்றிதழ் ஒரு இடம், ஒப்பந்தம் ஒரு இடம் என்று கிடந்தால் தேவைப்படும் நாளில் பாதிதான் கிடைக்கும்.

பெட்ரோல் ரசீது வெள்ளையாகிவிட்டது. என்ன செய்வது?

இனி ஒன்றும் செய்ய முடியாது. அது வெப்பத்தாள், வண்டிக்குள் வெயிலில் கிடந்தால் சீக்கிரமே எழுத்து மறையும். வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். கார்டு மெஷின் தரும் சின்னச் சீட்டு பணம் கட்டியதற்குத்தான் ஆதாரம், என்ன வாங்கினீர்கள் என்பதற்கு இல்லை. பொருள் சேவை வரியைத் திரும்பக் கேட்க வரி இன்வாய்ஸ் வேண்டும், வரியோடு சேர்த்து 1,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மிகாத தொகைக்கு எளிய வடிவ இன்வாய்ஸ் போதும்.

ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. அது ஆவணமா?

ஆம். "நாளை 20 மூட்டை பொன்னி அனுப்புங்கள்" என்று வந்த செய்தியும், "சரி அண்ணே" என்று நீங்கள் போட்ட பதிலும் சேர்ந்து ஒரு வணிக ஒப்பந்தம். பணம் வரவில்லை என்று தகராறு வந்தால் அதைத்தான் காட்டப்போகிறீர்கள். இங்கே உள்ள ஆபத்து, அந்த உரையாடல் விற்பனையாளர் தம்பியின் சொந்த ஃபோனில் இருப்பது. அவர் வேலையை விட்டால் ஆவணமும் போய்விடும். கடைக்கென்று ஒரு எண் வாங்குங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் அன்றே டெலிவரி ஆர்டரோ இன்வாய்ஸோ போட்டு, அதில் செய்தி வந்த தேதியைக் குறியுங்கள். பெரிய வாடிக்கையாளர்களின் உரையாடலை மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுமதி செய்து விற்பனை ஃபோல்டரில் போடுங்கள். பேநவ் வழியே பணம் அனுப்பியதாக வரும் படத்தை மட்டும் நம்பிச் சரக்கு விடாதீர்கள், வங்கி அறிக்கையில் பணம் வந்ததா என்று பார்ப்பதே ஆதாரம்.

மின்னஞ்சலுக்கும் இதே விதி. இன்பாக்ஸ் என்பது தபால்பெட்டி, அங்கே எதுவும் குடியிருக்கக் கூடாது.

எல்லாருடைய அடையாள அட்டை நகலும் ஃபைலில் இருக்கிறது. வைத்திருக்கலாமா?

ஊழியர்களுடையது என்றால், சட்டம் கேட்கும் அளவுக்கு வைத்திருக்கலாம். வாடிக்கையாளர், குலுக்கலில் கலந்துகொண்டவர், கட்டடத்துக்கு வந்துபோனவர் என்றால் பெரும்பாலும் கூடாது. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ, ஆளை மிகத் துல்லியமாக அடையாளம் காண வேண்டிய கட்டாயம் இருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கவும் நகல் எடுக்கவும் கூடாது. பழைய ஃபைல்களில் "எதற்கும் இருக்கட்டும்" என்று எடுத்த நகல்கள் நிறைய இருக்கும். முதலில் கிழிக்க வேண்டியவை அவைதான்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: சேகரித்த நோக்கம் முடிந்து, சட்டத்துக்கோ வணிகத்துக்கோ தேவையில்லை என்றால் வைத்திருக்கவே கூடாது. வரிச் சட்டம் "குறைந்தது இவ்வளவு நாள் வை" என்கிறது, இந்தச் சட்டம் "தேவைக்கு மேல் வைக்காதே" என்கிறது. ஆவணம் பார்ப்பவரின் வேலை இந்த இரண்டுக்கும் நடுவில்தான். வேலைக்கு விண்ணப்பித்துக் கிடைக்காதவர்களின் பயோடேட்டா நல்ல உதாரணம். எவ்வளவு காலம் வைப்பது என்று எழுதி வைத்து, அதன்படி அழித்துவிடுங்கள். தகவல் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவரை நியமிப்பது சிறு கடைக்கும் கட்டாயம், முதலாளியே அந்தப் பொறுப்பை ஏற்கலாம். தகவல் கசிந்து 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டால், அல்லது ஒருவருக்கே பெரிய தீங்கு வரும் என்றால், அறிவிக்க வேண்டிய கசிவுதான் என்று உறுதிசெய்த 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும்.

ஈரத்தில் காகிதம் பூத்துப்போகிறது. எப்படிப் பாதுகாப்பது?

இந்த ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். பகலில் ஏர்கான், இரவில் நிறுத்தம் என்று மாறி மாறி வரும்போது காகிதம் வியர்க்கும். ஃபைல்களைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு கை இடைவெளி விடுங்கள். கீழ்த்தட்டில் ஒன்றும் வேண்டாம். பழைய கடைவீடுகளில் திடீர் வெள்ளம் வந்தால் முதலில் நனைவது அதுதான். நீண்டகாலம் வைப்பதை பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடினால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிக்கொள்ளும், கிளிப் துருப்பிடிக்கும், எடுத்துவிடுங்கள். கரையானுக்கு மர அலமாரியைவிட இரும்பு அலமாரி மேல். மளிகைக் கடைக்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று: மாவும் பருப்பும் இருக்கும் அறையில் ஃபைல் வைக்க வேண்டாம், கரப்பான் இரண்டையும் தின்னும்.

கிளவுட்டில் போட்டாகிவிட்டது. இனி பயமில்லை அல்லவா?

கிளவுட்டோடு ஒத்திசைந்திருப்பது வேறு, காப்புப் பிரதி வேறு. ஒருவர் தவறிப்போய் ஒரு ஃபோல்டரை அழித்தால் கிளவுட்டிலும் அது அழிந்துவிடும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று கடைக்கு வெளியே என்பது பழைய விதி, இன்றைக்கும் நல்ல விதி. மாதக் கடைசியில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, கழற்றி, முதலாளி வீட்டில் வையுங்கள். செருகியபடியே விட்டால், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) வரும்போது அதையும் பூட்டிவிடும். எடுத்த பிரதியிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பார்ப்பதையும் வழக்கமாக்குங்கள்.

கணக்கு மென்பொருளைச் சந்தாவில் வைத்திருப்பவர்கள் சந்தாவை நிறுத்துமுன் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ள வேண்டும். நிறுத்திய பிறகு வருவாய் ஆணையம் கேட்டால், மென்பொருள் நிறுவனத்தைக் காரணம் சொல்ல முடியாது. அப்புறம், கடவுச்சொல். ஒரே ஆளுக்குத் தெரிந்த கடவுச்சொல் சாவி தொலைந்த அலமாரிதான். பொதுக் கணக்கின் கடவுச்சொல்லை உறையில் போட்டு முதலாளியின் பெட்டகத்தில் வையுங்கள். அரசு இணையச் சேவைகளில் நுழைவதற்கான சிங்பாஸ் மட்டும் அவரவர் சொந்தம், யாரிடமும் கொடுக்கக் கூடாது. நிறுவன வேலைக்கு, நிறுவனங்களுக்கான கார்ப்பாஸில் உங்களுக்குத் தனி அனுமதி கேட்டு வாங்குங்கள்.

இன்வாய்ஸ்நவ் வந்தால் இதெல்லாம் மாறிவிடுமா?

கொஞ்சம். இன்வாய்ஸ்நவ் என்பது பெப்போல் என்ற அனைத்துலக மின்-இன்வாய்ஸ் தரத்தில் ஒரு கணக்கு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு நேரடியாக இன்வாய்ஸ் போகும் வலையமைப்பு. 2025 நவம்பர் 1 முதல், தாமாக முன்வந்து பொருள் சேவை வரிக்குப் பதியும் புது நிறுவனங்களுக்கும், 2026 ஏப்ரல் 1 முதல் தாமாக முன்வந்து புதிதாகப் பதியும் அனைவருக்கும் அது கட்டாயம். வருவது தரவு, படம் இல்லை. எனவே வைத்திருக்க வேண்டியதும் அந்தத் தரவுதான், அச்சிட்டு ஆர்ச் ஃபைலில் குத்தி வைப்பதால் பயனில்லை.

முதலாளி எல்லாவற்றையும் அச்சிட்டு வைக்கச் சொல்கிறார். எப்படி மாற்றுவது?

சண்டை போடாதீர்கள். அவர் காகிதத்தை நம்பி ஒரு தொழிலை வளர்த்தவர், அவர் அனுபவத்தில் கம்ப்யூட்டர் கெட்டுப்போயிருக்கிறது, பேரேடு கெட்டுப்போகவில்லை. ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வங்கி அறிக்கை என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலாண்டு காகிதத்திலும் கணினியிலும் ஒரே பெயரில் வையுங்கள். அவர் ஏதாவது கேட்கும்போது அலமாரிக்குப் போகாமல் மேசையிலிருந்தே எடுத்துக் காட்டுங்கள். இரண்டு மூன்று முறை நடந்தால் அவரே அடுத்த பிரிவைச் சொல்வார். சொல்லாவிட்டாலும் சரி, ஒரே ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: எது மூலம், எது நகல் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் எழுதி வைத்திருக்க வேண்டும். இரண்டும் மூலம் என்றால், ஒன்றில் மட்டும் திருத்தம் நடந்த நாளில் எதை நம்புவது என்று தெரியாது.

காகித ஃபைலை யாராவது வெளியே எடுத்தால் அந்த இடத்தில் ஒரு அட்டை செருக வேண்டும்: யார், என்றைக்கு. முதலாளிக்கும் இது பொருந்தும். காணாமல் போகும் ஃபைல்களில் பாதி அவர் காரில்தான் இருக்கும்.

காலம் முடிந்தவற்றை எப்படி அழிப்பது?

பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரரிடம் போடாதீர்கள். பழைய நாளிதழுக்கு அவர் சரி, சம்பளப் பட்டியலுக்கு இல்லை. குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் இயந்திரத்தில் போடுங்கள். நீளக் கீற்றாக மட்டும் வெட்டும் மலிவு இயந்திரம் வேண்டாம், பொறுமைசாலி ஒட்டிவிடுவார். அளவு அதிகம் என்றால் அழித்ததற்குச் சான்றிதழ் தரும் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். எதை, எந்த ஆண்டினுடையதை, என்றைக்கு, யார் அனுமதியில் அழித்தீர்கள் என்று ஒரு பட்டியல் வையுங்கள். அந்தப் பட்டியலை மட்டும் அழிக்கவே வேண்டாம்.

கணினியில் "டெலிட்" அழுத்துவது அழிப்பு இல்லை. குப்பைத்தொட்டி, கிளவுட், ஹார்ட் டிஸ்க் பிரதி, ஸ்கேனர் நினைவகம் எல்லாவற்றிலும் போக வேண்டும். வாடகைக்கு எடுத்த ஃபோட்டோகாப்பி இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் உள்ளேயும் ஹார்ட் டிஸ்க் இருக்கலாம், துடைக்கச் சொல்லுங்கள்.

எங்கே கற்றுக்கொள்ளலாம்?

அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தளத்தில் அலுவலக நிர்வாகம், ஆவண மேலாண்மை, தனிநபர் தகவல் பாதுகாப்பு என்று தேடினால் குறுகிய வகுப்புகள் வரும். 40 வயதோ அதற்கு மேலோ ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே முதல் பயிற்சிக் கட்டணத்துக்கு 4,000 வெள்ளி கூடுதல் சிறப்புத்தொகை இருக்கிறது, ஆனால் குறிப்பிட்ட சில பயிற்சிகளுக்கு மட்டுமே செல்லும். பணம் கட்டுமுன் அதைச் சரிபாருங்கள். என் கருத்தில், ஃபைல் அடுக்கும் வகுப்பைவிட எக்செல் வகுப்பும் தகவல் பாதுகாப்பு வகுப்பும் வேலை தேட அதிகம் உதவும். அடுக்குவதை வீட்டிலேயே பழகலாம். வீட்டுக் கடன், காப்புறுதி, பிள்ளைகளின் பள்ளிக் காகிதம், மருத்துவக் கட்டணம் எல்லாவற்றையும் மேலே சொன்ன முறையில் அடுக்கி, கணவரையோ மகளையோ ஒரு காகிதத்தை எடுக்கச் சொல்லுங்கள். நேர்காணலில் "அனுபவம் உண்டா" என்று கேட்டால், பிரிவுகளை எப்படி முடிவு செய்தீர்கள், பெயர் எப்படி வைத்தீர்கள், எதை எப்போது அழித்தீர்கள் என்று சொல்ல உங்களிடம் விஷயம் இருக்கும். ஐஎஸ்ஓ 15489 என்று ஆவண மேலாண்மைக்கே ஒரு அனைத்துலகத் தரம் இருக்கிறது, 2001இல் வந்து 2016இல் திருத்தப்பட்டது. பெரிய நிறுவனத்துக்குப் போகிறவர்கள் அந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

நிறுவனத்தை மூடிவிட்டோம். இனி எல்லாவற்றையும் எறியலாமா?

முடியாது. நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அக்ரா அமைப்பின் பதிவிலிருந்து பெயரை நீக்கிய பிறகும், முன்னாள் இயக்குநர்கள் குறைந்தது 5 ஆண்டு புத்தகங்களைப் பாதுகாக்க வேண்டும். மூடும்போதே யார் வீட்டில், எந்தப் பெட்டியில், எந்த ஹார்ட் டிஸ்கில் என்று எழுதி எல்லா இயக்குநர்களும் கையெழுத்துப் போடுங்கள். மின்னஞ்சல் கணக்கை ரத்து செய்யுமுன் அதில் உள்ளவற்றை இறக்கிக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் நிறுவனத்தின் பெயர், யூஇஎன், நீக்கப்பட்ட தேதி, அழிக்கலாம் என்ற தேதி நான்கையும் பெரிதாக எழுதுங்கள். வீடு மாறும்போது பெட்டியைத் தூக்குகிறவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.